நாற்பத்தொரு பேருக்கு ஒரு வகுப்பு

1.
இந்தக் கதை இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. முன் சீட்டில் ஒருத்தி தன் தோழியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் நான் இறங்கவில்லை. பேச்சு அவளுடையது, பெயர்கள் நான் வைத்தவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலையைப் பனி மூடியிருந்தது, அப்போது ஜெனுஷா—' வேண்டாம். பனி யாரோடும் பேசாது.

2.
ஜெனுஷா பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலையில்லாத இளையவர்களுக்கு அரசாங்கம் என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று திட்டமிட, ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் விசாரித்தாள். நாற்பத்தொரு பையன்கள் வீட்டில் சும்மா இருப்பதாக அம்மாக்கள் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் திருத்தும் வகுப்பு என்று எழுதி, அட்டவணையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அது கொழும்புக்குப் போக வேண்டும். பையன்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்று முதல் பெயருக்குப் போன் எடுத்தாள்.

"அழகனா? தம்பி, வகுப்புக்கு வருவீங்களா?"

"மிஸ், நான் கொழும்புல, வெள்ளவத்தையில கடையில நிக்கிறேன். மூணு வருசமாச்சி."

"அப்ப ஒங்க பக்கத்து வீட்டுத் தர்ஷன்?"

"இங்கதான் சாமான் கட்டுறான். குடுக்கவா?"

3.
ஜெனுஷா அழகனின் அம்மா ராக்காயியிடம் திரும்பப் போனாள். (இவளைப் பொய்க்காரியாக எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.)

"ஏம்மா எங்கிட்ட மறைச்சீங்க?"

"ஊருல இல்லன்னா பேர வெட்டிருவாங்க மிஸ். நாளைக்கி வீடு குடுக்கிறப்ப அவன் எங்க போவான்?"

"இது வீட்டு லிஸ்ட் இல்லம்மா. யாரு பேரயும் வெட்ட மாட்டாங்க."

ராக்காயி சுவரில் சாய்ந்துகொண்டாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் உள்ளத சொல்லியிருப்போமே. வேல இல்லாம இருக்கிறது எங்க மருமக. அன்னைக்கி வாசல்லதான் நின்னா. அவள நீங்க கேக்கவே இல்ல."

4.
'செயலாளர் மேசையைத் தட்டி எழுந்து—' அந்த வரியை அடித்துவிட்டேன். பஸ்ஸில் கேட்டது வேறு.

"சேர், அந்த அட்டவணை பிழை. பிழை என்னோடது."

"கொழும்புக்கு அனுப்பியிருந்தா?"



செயலாளர் மேசை லாச்சியைத் திறந்து தாளை எடுத்து நீட்டினார். "நல்ல வேள, இன்னும் கையெழுத்து வைக்கல. ஆளில்லாத வகுப்ப தொறந்து வச்சி நான் ஒருக்கா முழிச்சது போதும். வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் இருக்கு. திரும்பப் போய்க் கேளுங்க. இந்தத் தடவ ஊருல நிக்கிறவங்ககிட்ட கேளுங்க."

படியிறங்கும்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஜெனுஷாவுக்கு நினைவு வந்தது. கடையில் இரண்டு ரொட்டி வாங்கி, நின்றபடியே தின்றாள்.

5.
முடிவை நேற்றே எழுதிவிட்டேன்: 'மருமகள் தையல் இயந்திரத்தின் முன்னால்—'

அதையும் கிழித்தேன். நானும் அவளைக் கேட்கவில்லையே. அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

படிவத்தில் 'விரும்பும் பயிற்சி' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஜெனுஷா லயத்து வாசலில் நிற்கிறாள். "நீங்க சொல்லுங்க, என்ன படிக்க ஆச?" என்கிறாள். மருமகள் மாமியாரைப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கிறாள்.

நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன்.