திரையில் ஓர் ஊசி

சாயங்காலம் பேராசிரியர் கூப்பிடுவதற்குள் ஒன்றாவது கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் தேடலுக்கு மூடுவிழா, அவளுக்கும் வேலை போய்விடும். மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு இந்த வானொலித் தொலைநோக்கியே கதியென்று கிடந்ததெல்லாம் வெட்டியாகிவிடும்.

அவள் தேடியது மேசர் என்னும் வானொலிச் சமிக்ஞை. நட்சத்திரம் பிறக்கும் வாயு மேகங்களில் மெத்தனால் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து ஒரே அலைவரிசையில் கத்தும். திரையில் தட்டையாக ஓடும் கோட்டில் அது ஊசியாக எழும்பும். தொல்லை என்னவென்றால், கைப்பேசி, கைப்பேசிக் கோபுரம், கார்ச் சாவி என்று ஊரிலுள்ள கண்ட கழுதையும் ஊசியாகத்தான் எழும்பும். அந்தக் குப்பையைப் பெருக்க அவளே ஒரு செயலி எழுதியிருந்தாள். பெற்ற பிள்ளையைவிட அதை நம்பினாள்.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதும்மா," என்றார் தொலைநோக்கியை இயக்குபவர். "உன் செயலி பாதியில நின்னுடுச்சு. வர்றதை அப்படியே காட்டட்டுமா?"

"காட்டுங்கண்ணா. எப்படிக் காட்டினாலும் என் தலையெழுத்து மாறப்போகுதா?"

தொலைநோக்கியின் டிஷ் அடுத்த மேகத்துக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கோட்டின் நடுவே ஓர் ஊசி, மெல்லிசாக, நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "கொஞ்சம் தள்ளித் திருப்புங்கண்ணா."

உள்ளூர்ச் சத்தமென்றால் எங்கே திருப்பினாலும் போகாது. அவர் திருப்பினார், ஊசி மறைந்தது. மறுபடி மேகத்துக்கே கொண்டுவந்தார், ஊசி வந்தது.

"அடிச்சுட்டம்மா!" என்று அவர் மேசையைத் தட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பேராசிரியருக்கு அழகான படமாக அனுப்பலாமென்று நின்றுபோன செயலியை மறுபடி கிளப்பி, வந்ததை அதில் ஓட்டினாள். ஊசியைக் காணோம். மறுபடி ஓட்டினாள். அதே தட்டைக் கோடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒல்லியாக இருப்பதெல்லாம் குப்பை என்று செயலிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஏற்கெனவே தெரிந்த மேசர் ஒன்றை வைத்துச் சோதிக்கத்தான் செய்தாள். அது பல ஊசிகள் ஒட்டிக்கொண்ட தடியன், வெட்டுக்குத் தப்பிவிட்டது. புதிதாக வரும் ஒல்லிகளை யார் நினைத்தார்கள்?

"அண்ணா, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி வந்த பழசெல்லாம் எங்க இருக்கு?"

"அதெல்லாம் ஏதும்மா? இடம் பத்தலைன்னு நீதானே அழிக்கச் சொன்னே. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்டுட்டுத்தானே அழிச்சேன்."

கேட்டார்தான். 'குப்பையை எதுக்குண்ணா கட்டிக்கிட்டு அழணும்' என்று அவள் சிரித்ததும் உண்மைதான். இப்போது தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை எழவில்லை.

"விடும்மா. ஒண்ணு கெடச்சாச்சுல்ல, அதை மட்டும் சொல்லு. வேலை தப்பிச்சிடும். மத்ததை யார் கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். இதுவரை பார்த்த மேகங்களில் ஒன்றுமில்லை என்று அவள் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை அச்சாகியிருந்தது. அதை நம்பி இனி எவரும் அந்தப் பக்கம் டிஷ்ஷைத் திருப்பமாட்டார்கள். திருப்பினாலும், இதற்குள் அணைந்துபோன மேசர்கள் திரையில் வராது.

தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"என்னம்மா, ஏதாவது கெடச்சுதா?" என்றார் பேராசிரியர்.

"கெடச்சுது சார்." என்றாள். "இதுக்கு முன்னாடியும் கெடச்சிருக்கும். எத்தனைன்னு இனிமே யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் நானே பெருக்கித் தள்ளிட்டேன்."