பிள்ளைத்தாச்சிப் பயிர்

மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற வேலை என்னுடையது. ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். வறட்சி தாங்கும் ஒரு புது நெல்லைக் கொட்டாம்பட்டிப் பக்கம் சோதித்துக்கொண்டிருந்தோம். அருகருகே இரண்டு வயல். ஒன்றில் புது விதை, மற்றதில் ஊரார் வழக்கமாகப் போடுவது. கதிர் வரும் நேரத்தில் இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும். எது தாங்குகிறது, எது கருகுகிறது என்று பார்த்து எழுதுவது என் பாடு.

முதல் வருடம் மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த வருடம் ஊர் மாடுகளே மேய்ந்து சோதனையை முடித்துவைத்தன. திட்டத்துக்கு இது மூன்றாவது, கடைசி வருடம். "வசுந்தரா, உன் நெல் இன்னுமா விளையவில்லை?" என்று அம்மா எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஆனால் இந்த முறை வானம் சொன்ன பேச்சு கேட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

வயல் ஒச்சாயி அக்காவுடையது. அவள் கிணற்றுத் தண்ணீர் பாதி நிலத்துக்குத்தான் காணும், மீதி தரிசு. புது விதை தேறினால் தரிசும் விளையும் என்ற ஆசையில்தான் இடம் கொடுத்தாள்.

அறுவடைக்குப் போனால், இரண்டு வயலும் தலை சாய்ந்து நிற்கின்றன. அறுத்து, அடித்து, எடை போட்டோம். ஏறக்குறைய ஒரே எடை. தண்ணீர் இல்லாமல் பழைய நெல் பாதிகூடத் தேறியிருக்கக் கூடாது.

"அக்கா, பழைய நெல்லுக்குத் தண்ணி விட்டீங்களா?"

அவள் மறைக்கவில்லை. "ஆமா மேடம். புதுசு கெட்டிக்காரி, தண்ணியில்லாமலே நின்னுக்கிருச்சு. இது வாடிப் போச்சு. கதிரு வெளிய வர்ற நேரம், புள்ளத்தாச்சி கணக்கு. அதப் பட்டினி போடலாமா? எங்கூர்ல ஒருத்தரும் போட மாட்டாக."

"விடக் கூடாதுன்னு அம்புட்டுத் தடவை சொன்னேனே!"

"சொன்னீக. நானும் சரின்னுதான் சொன்னேன். பாத்துக்கிட்டு இருக்க முடியல."

கத்தலாம் போலிருந்தது. கத்தவும் தெம்பு வேண்டுமே. வரப்பில் உட்கார்ந்து, திட்டத் தலைவர் சௌரிராஜன் சாருக்குப் போன் செய்தேன்.

"தண்ணி விட்டத எழுதினா சோதனை செல்லாது. எழுதலைன்னா ரெண்டு நெல்லும் ஒண்ணுன்னு ஆயிடும். எப்படியும் இந்த விதை வெளிய வராது," என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "புது நெல்லு மொத்தத்தையும் கட்டிக் கொண்டு வந்துடும்மா. விதி தெரியும்ல, வெளியிடாத விதை ஒரு மணிகூட அங்க தங்கக் கூடாது."

நடந்ததை நடந்தபடி எழுதுவதென்று முடிவு செய்தேன். பொய்யால் பிரயோஜனம் இல்லாதபோது உண்மை சொல்வதில் பெருமை என்ன இருக்கிறது?

ஒச்சாயி அக்கா புது நெல்லை அள்ளிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருசம் தரிசு பூராம் இதத்தான் போடப் போறேன். மொத ஆளா எனக்குத்தான் தரணும், ஆமா."

"இந்த விதை வராதுக்கா."

"ஏன்? நல்லாத்தான வெளஞ்சிருக்கு?"

"பக்கத்து வயல் கருகியிருந்தாத்தான் இது நல்ல விதைன்னு மேல சொல்ல முடியும். நீங்க அதக் காப்பாத்திட்டீங்க."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்ப அதச் சாக விட்டிருந்தா இது எனக்குக் கெடச்சிருக்குமா?"

"ஆமாக்கா."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அலுப்பில் வாய் முந்திக்கொண்டது. அவள் தரிசுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். கையிலிருந்த நெல்லைச் சாக்கில் கொட்டி, உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டாள்.

சாக்கின் வாயைக் கட்டினேன். ஒற்றை ஆளாக என்னால் தூக்க முடியவில்லை. அவளே வந்து மறுமுனையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.