வலப்பக்கம் திருகினால் கழன்றுவிடும்

எங்கள் காரின் சாவி சுவிட்ச் டாஷ்போர்டின் நடுவில், வண்டிக்குத் தொப்புள் வைத்ததுபோல் இருக்கும். நாற்பது வருடம் ஒழுங்காக வேலை பார்த்தது. ஒழுங்காக என்றால், முதல் இருபது வருடம் தன் சாவிக்கு மட்டும் கட்டுப்பட்டது. பிறகு வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஒருமுறை ஸ்பூன் காம்பு என்று யார் கூப்பிட்டாலும் எழுந்து வந்தது. ஒரு மழைநாளில் நான் தும்மியதற்கே வண்டி ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது தும்மலில் நின்றது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இதற்குச் சாட்சி. அவர் இப்போது வீடு மாறிப் போய்விட்டார்.

போன மாதம் அந்த சுவிட்ச் செத்துப்போனது. சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. புது சுவிட்ச் வாங்கிவந்தேன். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று வீட்டில் அறிவித்தேன்.

என் மனைவி தையல் டேப்பை எடுத்துப்போய் ஷெட்டை அளந்தாள்.

"எதுக்கு அளக்கறே?"

"பத்தடி அகலம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள இந்த வண்டி தானா நடந்து வெளிய வரணும். வரலைன்னா தள்ளிட்டுப் போய் யாருக்காவது குடுத்துடுங்க. ஷெட்டு எனக்கு. அந்த ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து தைக்கணும். உள் ரூம்ல ஊசி கோத்து கோத்து கண்ணு பூத்துப்போச்சு."

நியாயமான கோரிக்கை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அநியாயமாகக் கேட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை என் மச்சினன் கருவிப் பையோடு வந்தான். என் மனைவியின் தம்பி. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். கேட்டதையும் பார்த்ததையும் தேதி போட்டுப் பாக்கெட் நோட்டில் எழுதிவைப்பான். எழுதியதை நம்புவான். அப்படிப்பட்டவன் என் குடும்பத்தில் எப்படி வந்து சேர்ந்தான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். பிறகு சுவிட்சின் முகத்தில் இருந்த ஊசித்துளையைத் தேடினோம். சாவியை இடப்பக்கம் திருப்பி, அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியைக் குத்தினால் பூட்டின் உருளை தனியாக வெளியே வரும். மனைவி தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தாள். குத்தினோம். உருளை சமர்த்தாகக் கையோடு வந்தது.

"இனி இந்த வளைய நட்டுதான் பாக்கி, அத்தான். இதைக் கழட்டினா சுவிட்ச் பின்னாடி விழுந்துடும்," என்றான் மச்சினன். நட்டில் இரண்டு வெட்டு இருந்தது. அதற்குப் பொருந்தும்படி ஒரு குழாய்த் துண்டை அராவிக் கருவி செய்தான். "ஆனா ஒரு விஷயம். இந்த வண்டியில இந்த நட்டோட மரை தலைகீழ்."

"யார் சொன்னது?"

"நோட்டுல இருக்கு."

வீட்டுக்குப் போய், முப்பத்திரண்டு வருடப் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய அழகான கையெழுத்தில், பக்கத்தின் கடைசி வரியாக எழுதியிருந்தது: 'இந்தக் காரின் சாவி சுவிட்ச் நட்டு, எதிர் மரை. வலப்பக்கம் திருகினால் கழன்றுவிடும்.'

அவன் எழுதியது தப்பாகாது. வலப்பக்கம் திருகினோம். கால் சுற்று நகர்ந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டு காப்பி குடித்தோம். அதற்குப் பிறகு அது அசையவில்லை. சனிக்கிழமை முழுக்கத் திருகினோம். நான் திருகிய வேகத்தில் டாஷ்போர்டு அப்படியே நிற்க, வண்டியின் பின்பக்கம் அரை அங்குலம் மேலே எழும்பியது. இதை அளந்து பார்க்க ஆள் இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

மனைவி பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வலப்பக்கம்தானா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நோட்டுல இருக்குக்கா," என்றான் தம்பி.

"அப்ப சரி," என்று அடுத்த பட்டாணியை உரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. மச்சினன் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். நட்டைச் சுற்றி டாஷ்போர்டை வட்டமாக அறுத்துவிடலாம் என்பது என் யோசனை. பென்சிலால் கோடும் போட்டாகிவிட்டது.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "டேய், அந்த நோட்டுல அடுத்த பக்கத்தைத் திருப்பு."

திருப்பினான். மேலே ஒரே ஒரு வரி. 'தகவல்: அத்தான்.'

மச்சினன் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"அன்னிக்கு நானும்தான் பக்கத்துல நின்னேன். இவன் அப்பதான் வேலை கத்துக்கிட்டு, போற வீட்லயெல்லாம் ஃபேனையும் ரேடியோவையும் பிரிச்சுப் போட்டுட்டுத் திரிஞ்சான். வண்டியில ஸ்பேனரை வச்சதும் நீங்க மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு, மரை தலைகீழ்டா மாப்பிள்ளைன்னு சொன்னீங்க. பாவம், அரை மணி நேரம் நல்லா இறுக்கிட்டுப் போனான்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் பாட்டரியைப் பார்த்தேன்.

"அப்ப மூணு நாளா நாம..."

"இறுக்கிட்டு இருக்கோம்," என்றேன்.

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லலை?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு ஷெட்டு வேணும்ல."

"இப்ப மட்டும் ஏன்?"

"மூஞ்சியில ஓட்டையோட இந்த வண்டியில எவ ஏறுவா? ரம்பத்தை உள்ள வைங்க முதல்ல."

அவளே தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து நட்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு மணி நேரம் ஊறவிட்டோம். மச்சினன் கருவியை வைத்து, மனசே இல்லாமல், இடப்பக்கம் திருகினான். நட்டு பழைய கட்டில் போல முனகிற்று. பிறகு விரலாலேயே சுழற்றும்படி வந்துவிட்டது. சுவிட்ச் பின்னால் தொங்கியது. எந்த ஒயர் எங்கே என்று மறக்காமலிருக்க, அவள் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் தையல்நூலைக் கட்டி, அதே நிறத்தைப் புது சுவிட்சிலும் கட்டிவிட்டாள்.

ஆறு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது வண்டி தானாக நடந்து வெளியே வந்தது. மூவரும் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினோம். அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சில் கோட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள். "வண்டி அகலம் அஞ்சேகால் அடி. மீதி நாலேமுக்கால் அடி என்ன செய்யப் போறீங்க?"

முதல் நாளே வண்டியையும் அளந்துவைத்திருக்கிறாள்.

இப்போது வண்டி ஒரு பக்கச் சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுநர் கதவு திறக்காது. ஜன்னலடியில் தையல் மெஷின் ஓடும்போது, நான் அவளிடம் வழி கேட்டு, மறுபக்கக் கதவால் ஏறி, சீட்டில் தவழ்ந்து என் இடத்துக்குப் போகிறேன். இடுப்புக்கு நல்லது.

மச்சினன் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, 'இடப்பக்கம். நேரில் பார்த்தது' என்று எழுதினான். பேனா மூடியைத் திருகப் போனவன் நிறுத்தினான்.

"அத்தான், அந்தத் தும்மல் விஷயம்?"

"அது நிஜம். எழுதிக்கோ."

அவன் பேனாவோடு அக்காவைப் பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தகவல் யாருன்னு அதே பக்கத்துலயே போட்டுடு," என்றாள்.