மாமனார் தெரு

பூக்கள் தீர்ந்துபோயின. பறவைகள், நதிகள், நவரத்தினங்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் புறநகரில் ஒரு தெரு பெயரில்லாமல் நின்றது. மாலைக்குள் பட்டியல் போயாக வேண்டும். நகராட்சியில் தெருவுக்குப் பெயர் வைக்கும் எழுத்தர் தலையைச் சொறிந்தார். கடைசியில் தன் மாமனார் பெயரை எழுதிவிட்டார். மறைந்தவர் பெயரைத்தான் வைக்கலாம் என்பது விதி. 'மறைந்த நாள்' என்ற கட்டத்தில், நினைவில் இருந்த ஒரே தேதியான தன் கல்யாண நாளைப் போட்டார்.

பலகை நட்டதும் மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வருஷம் ஊரார் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மனிதர். தினமும் காலையில் துணியோடு போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தார். அந்தத் தெருவில் இன்னும் ஒரு வீடுகூட முளைக்கவில்லை. அதெல்லாம் அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பிறகு, மேலதிகாரி மறைந்தவரின் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்று கடிதம் வந்தது. எழுத்தர் அதை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் ஓடினார்.

"உண்மையச் சொல்லிடலாம் மாமா. பலகைய எடுத்துடுவாங்க, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஒரு மணி நேரம் நான் செத்திருந்தா என்ன குறைஞ்சிடும் மாப்ளே? செத்தவரோட தம்பின்னு சொல்லிக்கிறேன்."

அதிகாரி வந்ததும், தம்பியாகிவிட்ட மாமனார் அண்ணன் கதையை ஆரம்பித்தார். "மக கல்யாணத்தன்னிக்கே போய்ச் சேர்ந்தார் சார். அதுவும் எப்படி? வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து போனார். அப்படி ஒரு தங்கமான மனுஷன்!"

சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அதிகாரியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார்.

"பக்கத்துல ஒரு சந்து இருக்கு. அதுக்கு அவர் மனைவி பேரையே வச்சிடலாம். அவங்களும் தவறிட்டாங்கதானே?"

சமையலறையில் மாமியார் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. எழுத்தர் மாமனாரின் முகத்தையே பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவோடு சந்தும் கிடைத்துவிடும்.

மாமனார் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு எழுந்தே விட்டார்.

"வாயக் கழுவுங்க சார்! என் பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்கா!"

அன்று மாலையே பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். எழுத்தருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது.

மறுநாள் காலை, மாமனார் பழக்கதோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், அங்கேயே நின்றார்.

"அந்தத் துணிய இங்க கொண்டாங்க," என்றார் மாமியார் உள்ளேயிருந்து. "பாத்திரம் துடைக்கணும்."

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் பாத்திரம் துடைக்க உள்ளே போனார்.