ஏழு பெட்டிக்கு ஒரு கேமரா

சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்கிறவர்களைப் படம் பிடிக்க அந்த ஊரில் ஏழு நாற்சந்திகளில் ஏழு பெட்டிகள் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தன. கேமரா மட்டும் ஒன்றே ஒன்று. அதை வாங்குவதற்கே நகராட்சிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதனால் வாரம் ஒருமுறை அதைக் கழற்றி வேறொரு பெட்டிக்குள் மாட்டுவதற்கு ஓர் ஆளைப் போட்டார்கள். கேமரா எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாமல், வண்டிக்காரர்கள் ஏழு இடத்திலும் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். பயந்து நின்றால் என்ன, பாசத்தில் நின்றால் என்ன, நின்றார்கள் அல்லவா? நடக்கிறவனுக்கு அது போதும்.

அந்த ஆள் ஒரு பெண். ஏணியும் ஆரஞ்சு நிற மேல்சட்டையுமாகவே எப்போதும் காணப்பட்டதால் ஊரே அவளை 'ஏணியக்கா' என்றது. மாட்டும் நாளில் ஏழு கம்பத்திலும் ஏறுவாள், ஏழு பெட்டியையும் திறப்பாள், கண்ணாடியைத் துடைத்துப் பூட்டுவாள். கீழே நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவனுக்கும் ஒன்றும் பிடிபடாது. அலுவலகத்தில் அவளுக்குப் போட்ட கட்டளை ஒன்றுதான். எந்த இடத்தைப் பற்றி யார் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. கட்டின கணவனிடம் கூட மூச்சு விடக்கூடாது.

கணவனிடம் சொல்லாமல் இருப்பதில் நியாயமும் இருந்தது. அவர் சலூன் கடைக்காரர். கையில் கத்தரி இருக்கும்வரை வாய் ஓயாது.

கடை வீட்டுக்கு நேர் எதிரே, நாற்சந்தியைத் தாண்டினால் வந்துவிடும். பெட்டி இல்லாத அந்த நாற்சந்தியில்தான் வினை. போன மழைக்காலத்தில் அவர் பாதி தூரம் கடந்திருந்தபோது, சிவப்பு விழுந்தபிறகும் ஒரு கார் பாய்ந்து வந்து அவரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. கால் முறிந்தது. மருத்துவர் கம்பி வைத்துக் கட்டினார், எலும்பு கூடியது, நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் நடைபாதை விளிம்புக்கு வந்தால் போதும், மனிதர் வெலவெலத்துப் போவார். முகத்தில் ஈயாடாது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடுவார்.

கடை பூட்டிக் கிடக்க, வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் காத்திருப்பு. சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில் ஷேவிங் நுரை. மாமியாருக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

"இது வீடாடா, இல்ல சலூனா? சாதத்தைப் பிசைஞ்சா ஊர்த் தலைமுடியெல்லாம் கையில வருது!"

"யார் முடின்னு சொல்லும்மா, அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்" என்பார் மகன்.

சிரிப்பெல்லாம் வாயோடு சரி என்பது அவர் மனைவிக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் அவர் ஜன்னல் வழியே எதிரே இருந்த தன் கடைக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஊருக்கெல்லாம் காவல் வைக்கிறவள், தன் வீட்டு வாசலுக்கு ஒன்று வைக்க முடியவில்லை. அதிகாரியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். "அங்க யாரும் சாகலையேம்மா. செத்த இடத்துக்குத்தான் முதல் பெட்டி" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை, விதி அப்படி. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஏணியை அவர் மேசை மேலேயே சாய்த்துவிட்டு வந்திருப்பாள்.

ஒரு காற்றடித்த காலையில், மாடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணியொன்று பறந்துபோய் எதிர்க் கம்பத்தில், சரியாகச் சிவப்பு விளக்கின் மேல் படுத்துக்கொண்டது. முடி வெட்டும்போது கழுத்தில் கட்டிவிடும் துணி. ஏற்கெனவே சிவப்பை மதிக்காத ஊர், சிவப்பே தெரியாவிட்டால் கேட்கவா வேண்டும்? அவள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியோடு ஓடினாள். ஏறினாள், துணியை உருவிச் சுருட்டி மேல்சட்டைக்குள் திணித்துக்கொண்டாள். கை சும்மா இருக்காதே! ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகாணியை முறுக்கினாள், விளக்குக் கண்ணாடியையும் துடைத்தாள்.

சமையலறை நாற்காலியில் அப்போது பேக்கரிக்காரர் இருந்தார். ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. ஜன்னல் வழியே பார்த்தவர் அலறினார்.

"அண்ணே! அண்ணி நம்ம கம்பத்துல கேமரா மாட்டுறாங்க!"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் செய்தி ரொட்டியோடு ரொட்டியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டியையே காணோமே என்று ஒருவன் சந்தேகம் கிளப்பினான். இப்போதெல்லாம் பெட்டி தேவையில்லை, சட்டைப் பொத்தான் அளவில் வந்துவிட்டது என்று இன்னொருவன் அடித்துச் சொன்னான். மறுநாள் அந்த நாற்சந்தியைப் பார்க்கவேண்டுமே! மஞ்சள் விழும்போதே வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. சிவப்பில் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றன. ஒருவர் தலையைச் சீவிக்கொண்டு, படம் நன்றாக விழட்டும் என்று கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

வழியில் மறித்துக் கேட்டவர்களிடமெல்லாம் அவள் பழகின பதிலையே சொன்னாள். "இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." கேட்டவர்கள் கண்ணடித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. கட்டளையை மீறவில்லை, பொய்யும் சொல்லவில்லை, தெரு அடங்கிவிட்டது. யார் குடி முழுகிப்போயிற்று?

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. ஒருநாள் காலையில் அவள் கணவர் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கடைச் சாவியுமாக வந்து நின்றார்.

"இன்னைக்குக் கடையைத் திறக்கப் போறேன்."

மாமியார் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகளோ ஜன்னல் வழியே எதிர்க் கம்பத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் எதை நம்பிக் காலை எடுத்து வைக்கப் போகிறார்? கம்பத்தில் இல்லாத ஒன்றை நம்பியா? ஊர் ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகட்டும். இவர் ஏமாந்து, ஒருவன் மட்டும் ஏமாறாமல் பாய்ந்து வந்தால்? சொன்னால் இவர் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவார், அப்புறம் எந்தக் காலத்திலும் வெளியே வரமாட்டார். சொல்லாவிட்டால்... அவளால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அவர் பின்னாலேயே படியிறங்கினாள்.

நடைபாதை விளிம்பில் அவர் நின்றார். அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். மேல ஒண்ணுமே இல்ல. பெட்டியும் இல்ல, பொத்தானும் இல்ல. அன்னைக்கு நான் துணியை எடுக்கத்தான் ஏறினேன்."

அவர் முகம் வெளுக்கும் என்று பார்த்தாள். அவரோ சிரித்தார்.

"தெரியுமே. என் துணி எத்தனை, கொடியில எத்தனைன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா ஊரெல்லாம் புரளியைக் கிளப்பி விட்டீங்க?"

"நான் எங்க கிளப்பினேன்? யார் கேட்டாலும், 'என் பொண்டாட்டி வேலையைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க'ன்னு வாயை மூடிக்கிட்டேன். நான் வாயை மூடினதைப் பாத்துத்தான் அத்தனை பேரும் நம்பிட்டாங்க. பொத்தான் கதை மட்டும் எங்கம்மாவோடது."

அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "அப்புறம் எந்தத் தைரியத்துல போறீங்க?"

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு வாரமா ஜன்னல்லயே நின்னு பாத்தேன். ஒவ்வொரு வண்டியா நிக்குது. கேமரா இருந்தாலும் அது என்ன கையை நீட்டிப் பிரேக்கைப் பிடிக்குமா? பிடிக்கிறவன் மனுஷன்தானே. அன்னைக்கு ஒருத்தன் நிக்கல. இந்த வாரம் அத்தனை பேர் நின்னுட்டாங்க. எனக்கு அது போதும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமாத்தான் இருக்கு. நீ இங்கயே நில்லு. கூட வந்தா நீ கூட்டிட்டுப் போனதா ஆயிடும்."

சிவப்பு விழுந்தது. வண்டிகள் நின்றன. முன்னால் ஒரு பெரிய லாரி.

அவர் இறங்கினார். முதல் சில அடிகள் நன்றாகத்தான் வைத்தார். பாதி தூரத்தில், அன்று விழுந்த அதே இடத்தில், கால் நின்றுவிட்டது. லாரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று துடித்தாள். ஆனால் நில் என்று சொல்லியிருக்கிறாரே, மேல்சட்டையின் விளிம்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி ஓர் அடி வைத்தார். மெல்ல இன்னோர் அடி.

அப்போது விளக்கு பச்சைக்கு மாறியது.

அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் லாரி நகரவில்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பின்னால் இருப்பவர்களுக்குப் பொறு என்று காட்டினார். பக்கத்தில் நின்ற கார் அசையவில்லை. அதன் பின்னால் மோட்டார் சைக்கிள்காரன் தரையில் ஊன்றிய காலை எடுக்கவில்லை. ஒருவர் கூட ஹாரன் அடிக்கவில்லை. எந்தக் கேமராவாக இருந்தாலும் சிவப்பில் போகிறவனைத்தான் பிடிக்கும், பச்சையில் நிற்கிறவனைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. இத்தனை வருஷம் அந்தப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? இவர்கள் நிற்பது அவருக்காக மட்டும்தான். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவர் அவசரப்படவில்லை. தெரு தனக்கே சொந்தம் என்பதுபோல நடந்து எதிர்ப்பக்கம் ஏறினார். சாவியைப் போட்டுக் கதவைத் தடதடவென்று மேலே தள்ளிவிட்டு, திரும்பி இரண்டு கையையும் ஆட்டினார். மாடி ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் தெருவையே நிறைத்தது. "அப்பாடா! என் அடுப்பங்கரை திரும்பி வந்துடுச்சு!"

லாரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஆரஞ்சு மேல்சட்டையோடு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றவளைப் பார்த்தார்.

"அக்கா, இப்பப் போலாமா?"

"போங்க, போங்க. நல்லாப் போங்க" என்றாள் அவள்.