இரண்டாவது தட்டு

முதலில் எழுந்தவர் சின்னதுரை. மேசையில் அவர்தான் மூத்தவர். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியதும் சுபாஷ் சார் எழுந்தார், திலகவதி டீச்சர் எழுந்தார், நானும் எழுந்தேன். வரிசையாகப் போய் வாஷ்பேசினில் கை கழுவினோம். சுபாஷ் சாரின் மனைவி கமலா அம்மா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிச்சமிருந்த ரொட்டியை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அவித்த முட்டை, துருவிய கேரட், பீட்ரூட், கூடை நிறைய ரொட்டி. பிரெஞ்சுக்காரர்களின் மதியச் சாப்பாடு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று ரொட்டியாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டோம். சின்னதுரை சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினை ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க அந்த மெஷினின் மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்து மூடியவர். அவர் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் சாப்பிட எங்களில் யாராலும் முடியாது.

என் தங்கை பொற்கொடி பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு அங்கேயே ஒரு டிராவல்ஸில் சில வருடம் இருந்தாள். இப்போது சொந்தமாக ஆரம்பித்திருக்கிறாள். பஸ் நிறைய ஆள் ஏற்றிப்போய்க் கோபுரத்தைக் காட்டி இறக்குகிற வேலை இல்லை. நான்கைந்து பேர், பிரான்ஸில் ஒரு சின்ன ஊர், ஒரே வீடு. காலையில் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிச் சமைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசி, அந்த ஊர்க்காரர்கள் மாதிரி கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவது. இதற்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆள் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கிடைத்தார்கள். சுபாஷ் சார் மைன்ஸில் அதிகாரி, அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போனில் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாக்கிங்கில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் பொன்ழூர் என்று வணக்கம் சொல்கிறார். டீச்சர் வீடியோ பார்த்து ரொட்டி சுடுகிறவர். சின்னதுரை வருடா வருடம் டிவியில் பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பார்க்கிறார். யார் ஜெயித்தது என்று கேட்டால் தெரியாது. பின்னால் ஓடுகிற வயல்களைத்தான் பார்க்கிறார்.

அங்கே இவர்கள் தங்கப் போகும் வீடு லூசியா மதாமுடையது. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்த பிறகு மதாம் பாதி வருடம் அங்கே, பாதி வருடம் பாண்டிச்சேரியில். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைக் கொடுப்பதில்லை. “அவங்க எப்படிப் பேசுறாங்கன்னு எனக்கு வேணாம். எப்படிச் சாப்பிடுறாங்கன்னு பாக்கணும். நானே சமைக்கிறேன்” என்று பொற்கொடியிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் சுபாஷ் சார் வீட்டில் இந்தச் சாப்பாடு. மதாமைக் காரில் அழைத்து வந்ததும், டீச்சர் வீட்டு ஓவனைத் தூக்கி வந்து வைத்ததும் நான். மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தேன், நைட் ஷிப்ட் ஒத்துவராமல் நின்றுவிட்டேன், இப்போது கார் ஓட்டுகிறேன். மதாம் மாட்டேன் என்றால் பொற்கொடிக்கு வீடு இல்லை, வீடு இல்லாவிட்டால் பயணமும் இல்லை. அவள் பழைய டிராவல்ஸுக்கே போய் நிற்க வேண்டும். “வூட்ல ஒருத்தன் வேலைய வுட்டுட்டு குந்திகினு கெடக்கிறது பத்தாதா” என்று அப்பா ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்.

பிரெஞ்சுச் சாப்பாடு பகுதி பகுதியாக ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பதைப் பொற்கொடி யாருக்கும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அவளுக்குப் பழகிப்போனதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மதாம் இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு ஓவன் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தார். முழுக்கோழி. தோல் சிவந்து நெய் மினுங்கியது. பின்னால் பொற்கொடி உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு வந்தாள். துடைத்த மேசையைப் பார்த்து இருவரும் நின்றார்கள்.

“பிடிக்கலையா?” என்றார் மதாம்.

“ஐயோ, ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். வயிறு ஃபுல்லு” என்றார் டீச்சர்.

“இப்பத்தான் ஆரம்பமே.”

“உக்காருங்க சார், இன்னும் மூணு ஐட்டம் வரும்” என்றாள் பொற்கொடி.

“கை கழுவிட்டமேம்மா” என்றார் கமலா அம்மா. “எந்திரிச்சுக் கழுவின பெறகு மறுபடி எப்படி?”

அவர் பிகு பண்ணவில்லை. எங்கள் பக்கம் கை கழுவினால் சாப்பாடு முடிந்தது. திரும்ப உட்கார்ந்தால் உட்கார்ந்தவன் பேராசைக்காரன், உட்காரச் சொன்னால் பரிமாறியவள் முதலில் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கேவலம்.

மதாம் கோழியை மேசையில் வைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். “பரவால்ல பொற்கொடி. கட்டிக் குடுத்துடு. ராத்திரிக்குச் சாப்பிடட்டும்.” மிருதுவாகத்தான் சொன்னார். அந்த மிருது எனக்குத் தெரியும். கான்ட்ராக்டர் ஒரு ஆளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லும்போது அப்படித்தான் சொல்வார்.

சின்னதுரை வாஷ்பேசின் பக்கமே நின்று கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஷிப்ட் ரிலீவர் வரலன்னா இன்னா பண்ணுவோம்?” என்றார் பொதுவாக. “எறங்கி வூட்டுக்கா போயிடறோம்? அதே சீட்ல குந்திகினு டபுள் ஷிப்ட் பாக்கறதில்ல?” பேசிக்கொண்டே வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அது மெஷின், சின்னதுரை” என்றார் சுபாஷ் சார்.

“இது கோழி சார். அத்த வுட சுளுவு.”

சார் அசையவில்லை. சின்னதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஆளு வரல, டபுள் பாருன்னு எத்தினி வாட்டி சொல்லி அனுப்பிகிறீங்க. நான் மாட்டேன்னு சொன்னனா?”

சுபாஷ் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். டீச்சர் உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன். கமலா அம்மா கவரை எடுத்து ரொட்டியைத் திரும்பக் கூடையில் போடப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார். பொற்கொடி வேறு தட்டுகள் கொண்டுவந்து வைத்தாள். மதாம் கோழியை அறுத்து ஒவ்வொருவருக்கும் வைத்தார். ஏப்ரன் நாடா இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை.

கையால்தான் சாப்பிட்டோம். சின்னதுரைகூட மெதுவாகச் சாப்பிட்டார். எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மதாமும் பொற்கொடியும் எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ பேசினார்கள். சுபாஷ் சார் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பேச்சு நின்றது. விரல்களில் நெய் காய்ந்து இறுகத் தொடங்கியது. டீச்சர் ஒரு முறை வாஷ்பேசினைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். காய்ந்த கைகளைத் துணிமேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அடுக்களை வாசலையே பார்த்தோம்.

“இன்னும் வருமா?” என்றார் சின்னதுரை என் காதருகே.

“தெரிலங்க.”

உள்ளே பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமும், வேறு தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டன. சின்னதுரை இடது கையால் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.