பீம்ராவின் இடப்பக்கம்

முட்டை வைக்கவில்லை என்று பீம்ராவ் போட்ட கூச்சல் குடியிருப்பின் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. முட்டை தட்டிலேயேதான் இருந்தது. வலது பாதிச் சோற்றை அவன் கோடு போட்டது போல வழித்துத் தின்றிருந்தான். இடது பாதியில் தொடாத சோறு, அதன் நடுவில் உரித்த முட்டை. அவன் மனைவி அன்புக்கரசி தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள்.

“இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு? மொதல்லயே வெச்சா இன்னா?” என்றான்.

“மொதல்லயேதான்யா வெச்சேன். ஒனக்குத்தான் தெர்ல.”

“என் கண்ணு நல்லாத்தான் கீது. நீதான் டபாய்க்கிற.”

இந்த மனுஷனோடு பேசுவதற்குப் பதில் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். சுவராவது திருப்பித் திட்டாது.

வெயில் காலத்தில், எண்ணூர் துறைமுக வாசலில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது, டிரெய்லர் லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, காலும் வந்தது, வாய் ஒரு நாள்கூடப் போகவே இல்லை. ஆனால் வராமல் போன ஒன்று இருந்தது. அதை டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி அன்புக்கரசிக்குச் சொன்னார்.

“மூளையோட வலது பாதிதாம்மா உடம்போட இடது பக்கத்தைப் பாத்துக்குது. நரம்பெல்லாம் பிடரிக்கு மேல குறுக்கா மாறிப் போகுது. அதனாலதான் மண்டையில வலப்பக்கம் ரத்தம் அடைச்சதுக்கு இடது கை விழுந்துச்சு.”

“கைதான் சரியாயிடுச்சேம்மா. அப்பால ஏன் ஒரு பக்கம் தெரிய மாட்டேங்குது? கண்ணு போச்சா?”

“கண்ணு பாக்குது. பாத்ததை நரம்பு பின்மண்டை வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்குது. இடப்பக்கமும் ஒண்ணு இருக்கு, அதைக் கவனின்னு சொல்ற இடம் இருக்கு பாருங்க, காதுக்கு மேல, கொஞ்சம் பின்னால, அங்கதான் அடி. அவருக்கு இடப்பக்கம் இருட்டா இல்லம்மா. இடப்பக்கம்னு ஒண்ணே இல்ல. இல்லாததைக் காணோம்னு எப்படித் தேடுவாரு? போகப் போகக் கொஞ்சம் தேறலாம். வண்டி மட்டும் ஓட்டவே கூடாது.”

எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற அன்புக்கரசிக்கு அது நன்றாகவே புரிந்தது. மற்றவர்களுக்குப் புரிய வைப்பதில்தான் அவள் உயிர் போனது. எம்.கே.பி. நகர் வீட்டில் இருப்பது ஒரே அறை. கட்டிலின் இடப்பக்கம் சுவர். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வலப்பக்கம்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், அவன் பேசுவதைக் கேட்டார்கள். மணலி ரோட்டில் எங்கே பள்ளம், எந்த சிக்னலில் போலீஸ் நிற்பார் என்று அவன் புட்டுப் புட்டு வைத்தான். பழைய பீமுதான், ஒரு குறையும் இல்லை என்று எழுந்து போனார்கள்.

குறை தெரியாதபடி பார்த்துக்கொண்டவளும் அவள்தான். வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு அவன் எழுந்து வந்தால், ஊர் சிரிக்கக் கூடாதே என்று இடது கன்னத்தை இவள் மழித்தாள். சட்டையின் ஒரு கை தொங்கினால் ஆள் வருவதற்குள் மாட்டிவிட்டாள். அதை நினைத்தால் அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது.

மறுபடி வண்டி ஓட்டுவதற்காகக் கண் பரிசோதனைக்குப் போனான். அங்கிருந்தவர் ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியை வைத்துக் காட்டினார். காட்டினால் தெரியாமல் என்ன? கடகடவென்று படித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“ஞாயித்துக்கெழம வண்டி எடுக்கறேன். சாலமோன் அண்ணன் சொல்லிட்டாரு” என்றான்.

அவன் எடுக்கப்போவது நாற்பதடி டிரெய்லர். ஸ்கூட்டர்காரனும் சைக்கிள்காரனும் இடப்பக்கமாகத்தான் ஒட்டிக்கொண்டு வருவான். மறுநாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் திருவொற்றியூருக்குப் போனாள். சாலமோன் அங்கே லாரிகள் நிறுத்தும் யார்டின் முதலாளி, அந்தக் காலத்தில் தானும் லாரி ஓட்டியவர்.

“அண்ணே, அதுக்கு வண்டி குடுக்காதீங்க. எடது பக்கம் ஒண்ணுமே தெரியாது” என்றாள்.

“கண்ணு டெஸ்ட்டுல பாஸாகிக் கீறான். என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினான், ஜோராத்தான் பேசறான்.”

“பேச்சுல தெரியாதுண்ணே. மூளையில அந்தப் பக்கத்தையே கவனிக்கிற எடம் போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“மூளை போனவனா மணலி ரோட்டுல பள்ளம் எங்க கீதுன்னு சொல்றான்?” சாலமோன் சிரித்தார். “ஒனக்குப் பயம்மா. புருஷன வூட்டுலயே கட்டி வெக்கப் பாக்கற. ஆம்பள வண்டிய தொட்டாத்தான் ஒடம்பு தேறும். போய் நிம்மதியா இரு.”

அவள் விடுவிடுவென்று வெளியே வந்தாள். படித்தவர் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், பட்டவள் சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்றால் என்னதான் செய்வது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு தானும் கிளம்பினாள். “நானும் கூட ஒரு ரவுண்டு வரேன்யா” என்றாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

யார்டில் சாலமோன் வலப்பக்கப் படியில் ஏறி நின்று பரீட்சை வைத்தார். கியர் போட்டுக் காட்டினான். பிரேக்கை மிதித்துக் காட்டினான். வலப்பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்பது எந்த வண்டி என்று நம்பரோடு சொன்னான். சாலமோனுக்கு முகமெல்லாம் பல். “கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு எடு, நைனா” என்றார். கேட்டுக்கு இடப்புறம் தள்ளுவண்டி இட்லிக்கடை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தட்டும் கையுமாக நின்று தின்றுகொண்டிருந்தார்கள்.

என்ஜின் உறுமியது, வண்டியே கிடுகிடுவென்று ஆடியது. அன்புக்கரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, இடப்பக்கம், கிளீனர் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தால் சாவியைப் பிடுங்கியாவது நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தாள். அவன் திரும்பவில்லை. ஜன்னல் வழியே சாலமோனிடம் சொன்னான்:

“அன்பும் கூட வரேன்னுச்சுண்ணே. ஆளக் காணோம். கோச்சுக்கினு பூட்டாப் போல.”

சாலமோன் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அன்புக்கரசி உட்கார்ந்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்து அவர் முதலில் சிரித்தார்.

“யோவ், இங்கதான்யா கீறேன்” என்றாள் அவள்.

குரல் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பினான். சாலமோனைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டி யார்டு முழுக்கத் தேடினான். “எங்கடி? வண்டிக்குப் பின்னாடியா கீற? அங்க நிக்காத, நான் எடுக்கப் போறேன்.”

சாலமோனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினார். “எறங்கு பீமு. இன்னிக்கு வாணாம்” என்றார்.

“ஏண்ணே? நான் இன்னா தப்புப் பண்ணேன்?”

சாலமோன் இட்லிக்கடைக் கும்பலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

இத்தனை மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதற்காகத்தான். அன்புக்கரசி ஜெயித்துவிட்டாள். ஆனாலும் சாலமோன்மேல் கோபம், தன்மேல் கோபம், ஒரு குற்றமும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அவன்மேலும் கோபம்.

பீம்ராவ் வலப்பக்கமாக இறங்கி, “அன்பு, அன்பு” என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றான். அவள் இடப்பக்கமாக இறங்கி, வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலப்பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“எங்கடி போய்த் தொலைஞ்ச? சாவியப் புடுங்கிக்கினாருடி. நீ மட்டும் என் பக்கத்துல ஒக்காந்திருந்தா அவரு இப்டிச் செஞ்சிருப்பாரா?”

“செஞ்சிருக்க மாட்டாருய்யா” என்றாள் அன்புக்கரசி.